எஞ்சினுக்கும் பொறுமை வேண்டும்!



பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம்ம திருவண்ணாமலைக்கு எத்தனை வண்டி வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த வண்டிக்குள்ளே ஊத்துற பெட்ரோலைப் பத்தி எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாதுதான், எங்க மாமா பைக் கெட்டுப் போகிற வரைக்கும்.

மாமா ஜவ்வாது மலையிலிருந்து சாமை, தேன், புளி எல்லாம் வாங்கி வந்து இங்கே விற்கிறார். போன வருஷம் பழைய வண்டியை மாத்திட்டு, கரடுமுரடான பாதைக்குன்னே செய்த பெரிய பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மூட்டையோடு மலை ஏறும்போது எஞ்சினுக்குள்ளே கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி 'டிக் டிக்' என்று சத்தம் வந்திருக்கிறது. "பெரிய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார். ஒருநாள் பாதி மலையிலேயே வண்டி நின்றுவிட்டது. ரிப்பேருக்கு 9000 ரூபாய். அது மாமா பொண்ணு காலேஜுக்குக் கட்ட வச்சிருந்த பணம்.

மெக்கானிக் கடைக்கு நானும் போனேன். கழட்டின பிஸ்டனைக் காட்டினார்கள். அதன் தலை முழுக்க அம்மை போட்ட மாதிரி குழி குழியாக இருந்தது. "ஏன் அண்ணா இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒருத்தர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். மெக்கானிக் அண்ணன் மட்டும், "கேக்கட்டும் விடுங்க, இது பத்தாங்கிளாஸ் சயின்ஸ்தான்" என்று சொல்லி விளக்கினார். அதையும் அறிவியல் டீச்சரிடம் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அமுக்கினால் சூடு!

சைக்கிளுக்குக் காற்று அடிச்சிருக்கீங்களா? பத்துத் தடவை அடிச்சதும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகும். எஞ்சினிலும் இதேதான். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் அதை மேலே தள்ளி அமுக்கும். 11 பங்கு இடத்தில் இருந்ததை 1 பங்கு இடத்துக்குள் அமுக்கினால், அமுக்க விகிதம் 11:1. விகிதம் கூடக் கூட அதே பெட்ரோலில் அதிக சக்தி கிடைக்கும். ஆனால் சூடும் கூடும்.

சென்னையில் உள்ள ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் ஹிமாலயன் பைக்கையே எடுத்துக்கொள்வோம். 2016-இல் வந்த வண்டியில் விகிதம் 9.5:1. 2023-இல் வந்த புதிய வண்டியில் 11.5:1. இப்போது வரும் வண்டிகள் பல இப்படித்தான் அதிகமாக அமுக்குகின்றன.

ஆக்டேன் என்றால் என்ன?

அமுக்கின கலவைக்கு ஸ்பார்க் பிளக் தீ வைக்கும். சரவெடி மாதிரி அந்தத் தீ ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகப் பரவணும். தீ வந்து சேரும் முன்னாடியே, மூலையில் இருக்கிற கலவை சூடு தாங்காமல் தானாக ஒரே நேரத்தில் வெடித்தால்? அதுதான் மாமா கேட்ட 'டிக் டிக்'. இதை 'நாக்கிங்' என்பார்கள். ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் மேல் சுத்தியால் அடிக்கிற மாதிரி.

அப்படி வெடிக்காமல் எவ்வளவு நேரம் பெட்ரோல் பொறுமையாக இருக்கும் என்று சொல்வதே ஆக்டேன் எண். சீக்கிரம் வெடிக்கிற ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 மார்க். பொறுமையான ஐசோ ஆக்டேனுக்கு 100 மார்க். ஒரு பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை மாதிரி அது நடந்துகொள்ளும். அவ்வளவுதான். ஆக்டேன் என்பது சக்தி இல்லை, பொறுமை!

(டீசல் எஞ்சினில் இதற்கு நேர் எதிர். அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அமுக்கின சூட்டில் டீசல் தானாகவே பற்றிக்கொள்ள வேண்டும்.)

அந்தக் காலத்தில் பெட்ரோலின் பொறுமையைக் கூட்ட ஈயம் கலந்தார்கள். அது புகையில் வந்து குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கலப்பது எத்தனால். இதன் ஆக்டேன் 100-க்கும் மேல். 2025-இல் நாடு முழுக்க 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. இதன் ஆக்டேன் 95 என்று மத்திய அரசு சொல்கிறது. முன்பு சாதாரண பெட்ரோல் 91தான். ஆனால் எத்தனாலில் சக்தி குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய வண்டிகளின் ரப்பர் டியூப்புகளையும் அப்பப்போ பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமாவின் தப்பும் அப்பாவின் தப்பும்

பங்கில் போடுகிற சாதாரண பெட்ரோலே மாமா வண்டிக்குப் போதுமாம். அப்புறம் எப்படிக் கெட்டது? மலைக்குள்ளே பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்பதை வாங்கி ஊற்றியிருக்கிறார். அதில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் ஆக்டேன் மளமளவென்று இறங்கிவிடும். பழைய வண்டி குறைவாக அமுக்கியதால் தாங்கியது. புது வண்டி தாங்கவில்லை. போதாததற்கு, மூட்டையோடு டாப் கியரிலேயே ஏறியிருக்கிறார்.

எங்க அப்பா கதை வேறு. அவருடையது பழைய 100 சிசி வண்டி. தினமும் பூ மூட்டையைத் தேரடி வீதிக்குக் கொண்டு போவார். 'பவர் பெட்ரோல் போட்டா இழுக்கும்' என்று யாரோ சொல்ல, லிட்டருக்கு 7 ரூபாய் கூடக் கொடுத்துப் போட்டுவந்தார். குறைவாக அமுக்கும் எஞ்சினுக்குக் கூடுதல் பொறுமை தேவையே இல்லை. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். தினம் 1 லிட்டர், மாதம் 30 நாள், 210 ரூபாய். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "உன் நோட்டுக்கு ஆச்சு" என்றார்.

நினைவில் வைக்க:

1. வண்டியோடு வரும் கையேட்டில் என்ன ஆக்டேன் எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் குறைவாகப் போடக்கூடாது. அதற்கு மேல் போட்டால் பெரும்பாலும் காசுதான் வீண்.

2. 'பவர்', 'பிரீமியம்' என்பது பெயர். எண் என்ன என்று கேளுங்கள். 2020-இல் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலே கொண்டுவந்தது. அது ரொம்ப அதிகமாக அமுக்கும் எஞ்சின்களுக்கு. நம்ம வீட்டு வண்டிக்கு அல்ல.

3. மலைக்குப் போவதாக இருந்தால் கீழேயே பங்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். பாட்டில் பெட்ரோல் வேண்டாம்.

4. ஏற்றத்தில் 'டிக் டிக்' கேட்டால் உடனே கியரைக் குறையுங்கள். சத்தம் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டு வண்டிக் கையேட்டை எடுத்து, அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பெண் பிள்ளைகளும்தான்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி