நீலம் கேட்கும் கணிதம்

சிவகாசி வட்டாரத்தில் வாணங்களுக்கு மருந்து கலப்பவர்களைச் சோதிக்கும் நிறம் ஒன்று உண்டென்றால் அது நீலமே. ஸ்ட்ரான்ஷியம் உப்பு சிவப்பையும், உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதிக்கும் வரையில் பேரியம் உப்பு பச்சையையும் தாராளமாக வழங்கி வந்திருக்க, தாமிரம் தரவேண்டிய நீலமோ, சுவாலையின் உஷ்ணம் சற்றுக் குறைந்தால் மங்கியும், சற்று மிகுந்தால் அந்நிறத்துக்குக் காரணமான தாமிரக் குளோரைடு மூலக்கூறே சிதைந்துவிடுவதால் வெளிறியும் போய்விடுகிறது. எந்த உப்பை எவ்வளவு சேர்ப்பது என்பதை இரசாயனம் சொல்லிவிடும். அந்த மூலக்கூறு ஏன் நீலத்தை உமிழ வேண்டும் என்று ஒரு பி.எஸ்ஸி. இரசாயன மாணவி கேட்கத் தொடங்கினாளானால், அவள் தன்னையறியாமலே பௌதிகத்துக்குள் பிரவேசித்துவிட்டாள்.

"கெமிஸ்ட்ரி படிச்சா பட்டாசுக் கம்பெனி, இல்லேன்னா இங்க் கம்பெனி" என்ற கணக்கில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் மலிந்த இம்மாவட்டத்தில், பட்ட மேற்படிப்பைப் பௌதிகத்தில் தொடர விரும்புவோர் இல்லாமலில்லை. அவர்களுக்குச் சொல்வதற்கு உள்ளூரிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. மேற்கு மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னதிலேயே இரசாயன டெமான்ஸ்டிரேட்டராக அமர்ந்து, பௌதிகம், கணிதம், இரசாயனம் எதைப் பற்றியும் எவரும் வினவலாம் என்று மதிய இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அளவளாவியவர். 1920இல் கல்கத்தாவுக்குப் போய், சி.வி. ராமனோடு திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்து, 1928இல் 'நேச்சர்' இதழில் வெளியான புகழ்பெற்ற கடிதத்தில் ராமனுடன் கையொப்பமிட்டவர். பட்டம் பௌதிகத்தில், பிழைப்பு இரசாயனத்தில் என்றிருந்தவராகையால் அவரை முழு உதாரணமாகக் கொள்ள முடியாதுதான். எனினும் இரு சாஸ்திரங்களுக்கும் இடையே அவர் அவ்வளவு இலகுவாக நடமாடியதற்கு, இரண்டுக்கும் அடியிலிருந்த கணிதம் அவர் வசமிருந்ததே காரணமென்று நான் கருதுகிறேன்.

என் கவலையெல்லாம் அந்தக் கணிதத்தைப் பற்றியதே. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.எஸ்ஸி. பௌதிகத்துக்கு பி.எஸ்ஸி. பௌதிகமே வேண்டுமென்கிறார்கள், ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வின் பௌதிகத் தாளையோ எந்தப் பட்டதாரியும் எழுதலாம், சேர்க்கையின்போதுதான் என்னென்ன துணைப்பாடம் படித்தாய் என்ற கேள்வி எழும். விதிகளையாவது சமாளித்துவிடலாம். பௌதிக இரசாயனப் புத்தகத்தில் 'டம்பெல்' வடிவமென்று படம் பார்த்து மனப்பாடம் செய்த அதே பி-ஆர்பிட்டல், எம்.எஸ்ஸி. முதலாண்டுக் குவாண்டம் தாளில், ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை ஆரமாகவும் கோணங்களாகவும் பிரித்து, லெஜான்டர் சார்புகளின் வழியே தீர்த்துக் காட்டும்படி வந்து நிற்கும்போது, இரண்டு செமஸ்டர் அலைடு கணிதத்தோடு நிறுத்திக்கொண்ட பிள்ளை என்ன செய்யும்?

அதுவும் இல்லாதவர் நிலை இன்னும் பரிதாபம். பதினைந்து வயதில், நீட் தேர்வை உத்தேசித்து, கணிதமே இல்லாத 'பியூர் சயின்ஸ்' குரூப்பில் பிளஸ் ஒன் சேர்த்துவிடப்பட்டு, மருத்துவ இடம் கிட்டாமல், விலங்கியலைத் துணைப்பாடமாகக் கொண்டு இரசாயனம் படிக்க வருகிறவர்களுக்கு, பௌதிகம் என்ற மார்க்கம் அவர்கள் அதை விரும்பத் தொடங்குமுன்பே அடைபட்டுப் போயிருக்கிறது. பௌதிக இரசாயனத்திலேயே ஆராய்ச்சி செய்தால் போதாதா என்பாரும் உண்டு; போதும், அதை மனமுவந்து தேர்ந்தவர்களுக்கு.

ஆகவே தாண்ட நினைப்பவர் இரண்டாமாண்டிலேயே வெக்டர் கால்குலஸையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் தாமாகவே தொடங்கிவிடுதல் வேண்டும். ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடைபெறுகிறது. விண்ணப்பமோ செப்டம்பர், அக்டோபரில், அதாவது தீபாவளி ஆர்டர் நெருக்கி, வீட்டில் ஒரு கை கூடினாலும் கூலி கூடும் என்றிருக்கும் மாதங்களில்.