நோயருகே – 9: செவிப்பறையைக் கண்ட செவிலியர்

கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965-ஆம் வருஷம் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை வைத்தியர் ஹென்றி சில்வரும் சேர்ந்து, செவிலியரே நோயாளியைப் பரிசோதித்து நிர்ணயம் செய்யப் பழக்கும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கிய வரலாறு வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்பயிற்சி முடித்து வெளிவருகிறவர்கள் முதல் வருஷத்தில் அடையும் அனுபவங்களை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த ஆதிப் பாடத்திட்டத்தில் கண்ட ஒரு சிறு விஷயம் என் மனத்தை விட்டு அகல மறுப்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதத் தீவிரப் படிப்பு, அதன்பின் ஏழைகள் வாழும் பகுதிகளில் நீண்ட களப்பயிற்சி என்று வகுக்கப்பட்டிருந்த அத்திட்டத்தில், குழந்தையைப் பார்த்தும் தொட்டும் தட்டியும் கேட்டும் பரிசோதிப்பதோடு, 'ஓட்டோஸ்கோப்' என்னும் காதுநோக்கியைக் கையாளவும் செவிலியருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வைத்தியரின் கைக்கே உரியதென்று கருதப்பட்ட அக்கருவி செவிலியர் கைக்கு மாறியதை ஒரு பெரிய சம்பவமாகவே நான் கருதுகிறேன்.

காதைப் பார்ப்பது எளிதன்று. தாயின் மடியில் குழந்தையை இருத்தி, அதன் தலை அசையாதபடி தாயின் மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லி, மூன்று வயதுக்குட்பட்டதாயின் காதுமடலைக் கீழ்நோக்கிப் பின்னாகவும், பெரிய குழந்தையாயின் மேல்நோக்கிப் பின்னாகவும் இழுத்தால்தான் உள்ளே வழி நேராகும். கருவியைப் பிடித்த கையின் விரலொன்று குழந்தையின் கன்னத்தில் பதிந்திருக்க வேண்டும்; குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினாலும் கையும் கூடவே திரும்பும், காதில் காயம் படாது. அழுகையும் குறும்பியும் இடம் கொடுத்தால், முத்துப்போன்ற சாம்பல் நிறத்தில் செவிப்பறை தெரியும். வலக்காதில் ஐந்து மணித் திசையிலும் இடக்காதில் ஏழு மணித் திசையிலும் ஒரு சிறு ஒளிக்கூம்பு விழும். அந்த ஒளி மறைந்து, பறை சிவந்து வெளிப்புறம் புடைத்திருந்தால் நடுக்காதில் சீழ் கோத்திருக்கிறதென்று அறியலாம். ஆனால் அழுகிற குழந்தையின் பறை அழுகையினாலேயே சிவந்துவிடும். ஆகையால் நிறத்தை மட்டும் நம்பாமல், சிறு ரப்பர் குமிழால் காற்றை ஊதிப் பறை அசைகிறதா என்று பார்க்கப் பழக வேண்டும்.

பழகிவிடலாம். அதற்குப் பின் வருவதுதான் கடினம். பத்து வருஷம் வார்டில் உழைத்த செவிலியருக்கு, "டாக்டர், இந்தக் குழந்தையை நீங்கள் ஒருமுறை பாருங்கள்" என்று சொல்லும் கூர்மை ஏற்கெனவே உண்டு. அவ்வளவோடு அவர் பொறுப்பு முடிந்தது. நர்ஸ் பிராக்டிஷனர் ஆனபின்போ, ஆன்டிபயாடிக் எழுதுவதா, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பதா என்ற நிர்ணயம் அவருடையது, கையெழுத்தும் அவருடையது. தம் துறையில் நிபுணராக விளங்கியவர் மறுபடியும் கற்றுக்குட்டியாவதன் வேதனையை, 1997-இல் மேரி-அனெட் பிரௌன், எல்லன் ஓல்ஷான்ஸ்கி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் பட்டதாரிகளின் முதல் வருஷத்தைப் பின்தொடர்ந்து மிக்க பரிவுடன் எழுதியிருக்கிறார்கள். 'இந்த ஸ்தானத்துக்கு நான் தகுதியுள்ளவள்தானா, ஊரை ஏமாற்றுகிறேனா' என்னும் அச்சம் திறமைக்குறைவின் அடையாளம் அன்று என்பதே என் உறுதியான அபிப்பிராயம். பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கும் சிரத்தையுள்ளவருக்கே அது தோன்றும்.

லொரெட்டா ஃபோர்டுக்கும் இத்தகைய வேதனையில் பங்கு உண்டு. அவருக்கு வந்த கடும் ஆட்சேபணையில் பெரும்பகுதி வைத்தியர்களிடமிருந்து வந்ததன்று; செவிலியர் தொழிலை வைத்தியத்துக்கு அடகு வைக்கிறார் என்று சொந்தத் துறையின் ஆசிரியர்களே அவரைச் சாடினார்கள். அம்மையார் அசையவில்லை. 2025 ஜனவரியில் தமது 104-ஆம் வயதில் காலமானபோது, அமெரிக்காவில் அவர் வழி வந்த நர்ஸ் பிராக்டிஷனர்களின் தொகை லக்ஷக்கணக்கில் பெருகியிருந்தது.

காதிலேயே பக்கம் தீர்ந்துவிட்டது, அச்சகத்தார் காத்திருக்கிறார்கள். ஆயினும் இன்னொன்றைத் தொட்டுவிட்டு முடிக்கிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் மாணவர்கள் நோயாளிகளை நேரில் பார்க்கும் பயிற்சி அமெரிக்காவில் முன்பு குறைந்தது 500 மணி நேரம் என்றிருந்தது. 2022-இல் வகுத்த நியமங்கள் அதை 750 ஆக உயர்த்தின. அந்நேரத்தைத் தம் மேற்பார்வையில் கழிக்க இசையும் வைத்தியரையோ மூத்த நர்ஸ் பிராக்டிஷனரையோ மாணவர்களே வாசல்தோறும் சென்று தேடிக்கொள்ள வேண்டுமென்று பல கல்லூரிகள் விட்டுவிடுகின்றன. கட்டணம் பெற்றுக்கொண்ட கல்லூரி இந்தக் கடமையை மாணவர் தலையில் சுமத்துவது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. அதன் விவரங்களையும், முதல் வருஷத்து அனுபவங்களில் எஞ்சியவற்றையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.