தோற்றவன் பங்கும் வெற்றியிலே

விளையாட்டென்றால் வெற்றியும் தோல்வியும் இருந்தே தீரும். ஆயின், தோற்றவனுடைய உழைப்பு முழுவதும் வீணாயிற்று என்று கொள்ளல் வேண்டுமா? யப்பான் நாட்டிலே தோன்றிய பழைய வீடியோ விளையாட்டு ஒன்று இக்கேள்விக்கு அளிக்கும் விடை, மாணவரும் பெற்றோரும் ஒருங்கே சிந்திக்கத்தக்கது.

அதன் பெயர் 'த கிங் ஒவ் ஃபைட்டர்ஸ்'. ஒசாகா மாகாணத்து எஸ்.என்.கே. நிறுவனத்தார் 1994 ஆம் ஆண்டிலே அதன் முதற் பாகத்தை வெளியிட்டனர். 1991 இல் வந்து பெரும் புகழீட்டிய 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டிலே ஒருவனும் ஒருவனும் எதிர்நின்று பொருதுவர். இரு சுற்றுகளை வென்றவனுக்கே வெற்றி. எஸ்.என்.கே. நிறுவனத்தாரின் விளையாட்டிலோ ஒவ்வொருவரும் மூன்று வீரர் கொண்ட ஓர் அணியை நடத்தல் வேண்டும். முதற் பாகத்தில் எட்டு அணிகள்; ஆக 24 வீரர். அந்நிறுவனத்தாரின் முந்திய விளையாட்டுகளிலே தனித்தனியே புகழ்பெற்றிருந்த வீரர் பலர் இங்கே ஒரே களத்தில் வந்து கூடினர்.

இவ்விளையாட்டு 'நியோ ஜியோ' என்னும் இயந்திரத்துக்கெனச் செய்யப்பட்டது. 1990 இல் வெளிவந்த அவ்வியந்திரத்தின் சிறப்பு யாதெனில், விளையாட்டுக் கூடங்களிலே நாணயமிட்டு ஆடும் விளையாட்டை எவ்விதக் குறைவுமின்றி வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஆடலாம் என்பதே. ஆனால் விலையோ மிக அதிகம். அமெரிக்காவில் அதன் முழுத் தொகுதி ஏறத்தாழ 650 டொலருக்கு விற்கப்பட்டது. ஆதலின் அக்காலத்து இளைஞர் பலருக்கு அஃது எட்டாக் கனியாகவே இருந்தது.

அப்பழைய இயந்திரத்திலே 1998 ஆம் ஆண்டுப் பாகத்தை இன்று மீண்டும் ஆடிப் பார்த்தாலும் அதன் சுவை குன்றவில்லை. அப்பாகத்திலே கதை இல்லை. முந்திய கதைகளில் மாண்டவரும் மீண்டு வந்து பொருதுகின்றனர். 30 க்கும் மேற்பட்ட வீரருள் எந்த மூவரையும் தெரிந்து ஓர் அணியாக்கலாம். ஆட்டத்தின் உயிர்நாடி அதன் விதியிலே இருக்கிறது. ஒருவன் வீழ்ந்ததும் அவன் தோழன் களம் புகுவான். வென்றவன் களத்திலேயே நின்று அடுத்தவனை எதிர்த்தல் வேண்டும். அவன் இழந்த வலுவிற் சிறுபகுதியே அவனுக்கு மீளும். எஞ்சிய காயத்தோடுதான் அவன் புதியவனைச் சந்திக்கிறான். எனவே, முதல்வன் தோற்பினும் அவன் கொடுத்த ஒவ்வோர் அடியும் இரண்டாமவனுக்குத் துணையாகிறது. அன்றியும், தோழனை இழந்த அணிக்கு மிகுதியான ஆற்றலைச் சேமித்து வைக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது.

இம்முறை யப்பானியருக்குப் புதிதன்று. ஜூடோ, கெண்டோ முதலிய கலைகளின் அணிப் போட்டிகளிலே வென்றவன் களம் நீங்காது தொடர்ந்து பொருதும் முறை ஒன்று உண்டு. அதனைக் 'கச்சினுக்கி' என்பர். மூவர் அணியில் முதலில் வருபவன் 'சென்போ', அஃதாவது முன்னணியான். நடுவில் நிற்பவன் 'ச்சூக்கென்'. இறுதியில் வருபவன் 'தைஷோ', அஃதாவது தளபதி. இவ்வீடியோ விளையாட்டை ஆடும் யப்பானியரும் தம் வீரரை இப்பெயர்களாலேயே குறிப்பர். அதன் முதற் பாகத்து யப்பானிய அணியிலே கோரோ டைமன் என்னும் ஜூடோ வீரன் ஒருவன் இடம்பெற்றிருப்பதும் பொருத்தமே.

ஆகையால், யாரை எப்போது அனுப்புவது என்னும் சூழ்ச்சியே ஆட்டத்திற் பாதியாகிறது. வல்லவனை முதலில் அனுப்பி எதிரணியைக் கலங்கடிக்கலாம்; அல்லது அவனை இறுதிவரை காத்து வைக்கலாம். எவ்வாறாயினும், முன்னே சென்று வீழ்ந்தவனை இகழ இடமில்லை. இறுதியில் வெற்றிக்கொடி நாட்டுபவன், முன்னவர் தளர்த்திவிட்ட பகைவனையன்றோ வென்றான்!

அந்நிறுவனத்தின் வரலாறும் இவ்விதிக்கு ஒத்ததாகவே அமைந்தது. 2001 இல் எஸ்.என்.கே. கடனால் முறிந்து வீழ்ந்தது. அதனை நிறுவியவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம் அதன் விளையாட்டுகளின் உரிமையை ஏற்று நடத்தியது. 2016 இலே பழைய பெயரும் மீண்டது. இத்தொடரின் பதினைந்தாம் பாகம் 2022 இல் வெளிவந்தது. அதிலும் மூவரே ஓரணி.

நம் இல்லங்களிலும் பாடசாலை அணிகளிலும் முதலிற் சென்று தோற்றுத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. பின்னவன் பெற்ற வெற்றியைப் பாராட்டும்போது, முன்னவன் முதுகையும் ஒருமுறை தட்டிக் கொடுப்பது நம் கடன்.