பிரதேசச் சுற்றுலாவும் அரசின் அளவுகோலும்

நம் நாட்டில் நெடுங்காலமாக ‘உல்லாசப் பிரயாணம்’ என்னுஞ் சொற்றொடரே வழங்கி வந்தது. களிப்பின் பொருட்டு வேற்றிடஞ் செல்வோனே உல்லாசப் பிரயாணி என்பது அதனாற் பெறப்படும் பொருள். ஆயின், ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிபர ஆணைக்குழு 2008ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம் இதனினும் அகன்றது. தான் வாழ்ந்து பழகிய சூழலை விட்டு, ஓராண்டுக்குக் குறைந்த காலத்துக்குப் பிறிதோரிடஞ் செல்பவர், சென்ற இடத்தில் ஊதியத் தொழில் பெறுதலை முதன்மை நோக்கமாகக் கொள்ளாதவிடத்து, வருகையாளர் எனப்படுவர். களிப்பு, வழிபாடு, உறவினரைக் காண்டல், மருத்துவம் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். வருகையாளருள் ஓரிரவேனுந் தங்குவோர் சுற்றுலாப் பயணிகள். தங்காது மீள்வோர் ஒருநாட் பயணிகள். ஆகவே, கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியவரும் இவ்விலக்கணத்தின்படி சுற்றுலாப் பயணியே ஆவர்.

இலங்கையில் அரசு இத்துறையை முறையாகப் பொறுப்பேற்றது 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தினாலாகும். அச்சட்டத்தின்வழி ஒரு சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டில் இந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 18,969 பேர். 1982இல் அத்தொகை 407,230 ஆக உயர்ந்தது. 1983இன் கலவரத்துக்குப்பின் வீழ்ந்தது. போர் முடிந்தபின் ஏறி, 2018இல் 2,333,796 ஆயிற்று. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தபோது, பழைய சபையின் இடத்தில் அபிவிருத்தி, விளம்பரம், மாநாடுகள், தொழிற்பயிற்சி என்பவற்றுக்குத் தனித்தனி நிறுவனங்கள் அமைந்தன. பதிவுபெற்ற தாபனங்களின் மொத்தப் புரள்வில் 1 வீதம் அபிவிருத்தி வரியாக அறவிடப்படுகின்றது.

மேற்காட்டிய தொகைகள் நாடு முழுவதற்கும் உரியவை. தீவொன்றின் வருகையாளரை எண்ணுதல் எளிது. விமான நிலையத்திலுந் துறைமுகத்திலும் குடிவரவு அதிகாரிகள் ஒவ்வொருவரையும் பதிவு செய்கின்றனர். மாகாணத்துக்கோ மாவட்டத்துக்கோ அத்தகைய வாயில் இல்லை. கட்டுநாயக்காவில் வந்திறங்கிய ஒருவர் அநுராதபுரம், யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய மூன்றிடங்களிலுந் தங்கினால், மூன்று மாவட்டங்களும் அவரைத் தம் கணக்கிற் சேர்க்கும். மாவட்டத் தொகைகளைக் கூட்டினால் நாட்டின் தொகையிலும் பெரிதாகும். இவ்விடர் நீங்கவே தலைகளை எண்ணாது இரவுகளை எண்ணும் முறை வகுக்கப்பட்டது. ஓரிரவை ஒருவர் ஈரிடங்களிற் கழித்தல் இயலாது. ஆதலின் தங்கிய இரவுகள் பிழையின்றிக் கூடும். ஓரிரவு தங்கிய 120 பேரும், மூன்றிரவு தங்கிய 40 பேரும் ஓர் ஊருக்குத் தருவது ஒரே அளவினதான 120 இரவுகளே.

இங்கும் இரு குறைகள் உள. முதலாவது, பிரதேசப் பிரிவு பற்றியது. நமது அறிக்கைகள் தங்குமிடங்களைப் புராதன நகரங்கள், மலைநாடு, தென்கரை, கீழ்க்கரை, வடபகுதி என்றவாறு வகுத்தன. அப்பகுப்பிற் கண்டி, மத்திய மாகாணத்தின் தலைநகராயிருந்தும், அநுராதபுரத்தோடும் பொலனறுவையோடும் புராதன நகரங்களுள் அடங்கியது. பயணியின் பாதைக்கு இது பொருத்தமே. மாகாண நிருவாகத்தின் திட்டமிடலுக்கோ இது பயன்படாது. இரண்டாவது, இரவுகளின் கணக்குப் பதிவுபெற்ற விடுதிகளிலிருந்தே பெறப்படுகின்றது என்பது. நல்லூர்க் கந்தன் மகோற்சவம் 25 நாள்கள் நிகழும். அக்காலத்தில் கனடாவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வருவோருட் பலர் உறவினர் இல்லங்களிலேயே உறைவர். மடங்களில் உறங்கி அன்னதானத்தில் உண்டு செல்லும் உள்நாட்டடியார் எவ்விடுதிப் பேரேட்டிலும் இடம்பெறார். எனினும் அவர் குடிக்கும் நீரும், நடக்கும் வீதியும், விட்டுச்செல்லுங் கழிவும் மெய்யானவை; அவற்றின் சுமையை உள்ளூராட்சி மன்றமே தாங்குகின்றது. எண்ணப்படாத பயணிக்கென நிதி ஒதுக்குமாறு ஒரு மன்றம் எவ்வாறு கேட்கும்?

எண்ணிக்கையோடு பொருளாதாரப் பயனையும் அளத்தல் வேண்டும். சுற்றுலா என்பது நாட்டுக் கணக்கில் தனியொரு கைத்தொழில் அன்று. பேருந்து, உணவகம், கடை ஆகியவை பயணிக்கும் ஊரவனுக்கும் ஒருங்கே பயன்படுகின்றன. அவற்றின் வருவாயிற் பயணியின் செலவால் வந்த பங்கைப் பிரித்துக் காட்டுவதற்கே சுற்றுலாத் துணைக்கணக்கு என்னும் முறை எழுந்தது. கனடா 1994இல் இதனை முதன்முதலாக வெளியிட்டது. பின்னர் அதன் மாகாணங்களுக்கும் இத்தகைய கணக்குகள் ஆக்கப்பட்டன. பிரதேசக் கணக்கை இருவழியில் ஆக்கலாம். நாட்டுக் கணக்கைப் பங்கிட்டுப் பிரதேசங்களுக்கு அளித்தல் ஒன்று. பிரதேசத்திலேயே செலவையும் உற்பத்தியையும் ஆய்ந்து கட்டியெழுப்பல் மற்றையது. முன்னையது செலவு குறைந்தது. பின்னையது உண்மைக்கு அணித்தானது. விடுதி யாழ்ப்பாணத்தில் இருப்பினும், அதன் உடைமையாளரும் உணவுப்பொருளும் வெளியிலிருந்து வந்தவையாயின், பயணியின் பணம் வந்தவழியே வெளியேறிவிடும். இவ்வொழுக்கைப் பின்னைய முறையே நன்கு புலப்படுத்தும்.

அன்றியும், வருகை மிகுதலே வெற்றி எனக் கொள்ளுதல் தவறு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரையே பெரிதும் நம்பி வாழ்வது. மிகையாக இறைத்தால் கிணறுகள் உவராகும். எனவே ஒரு பயணியின் ஓரிரவுக்கு எத்துணை நீர் செலவாகின்றது என்பதும் அளவீட்டுள் அடங்குதல் வேண்டும். சூழலையும் சமூகத்தையும் பொருளாதாரத்தோடு சேர்த்தளக்கும் சட்டகமொன்றை ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழு 2024இல் ஏற்றுக்கொண்டமை இக்கருத்துக்கு அரண் செய்கின்றது.

பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே 2023இற் கப்பற் சேவை தொடங்கியது. இவ்விரு வாயில்களையும் அரசு திறந்தளித்தது. அவற்றால் ஊருக்கு விளைவது நன்மையோ சுமையோ என்பதை விளம்பரம் அறிவியாது. செவ்விய கணக்கே அறிவிக்கும். திருவிழாக் காலத்தில் ஒவ்வோர் ஊரின் மடங்களிலும் இல்லங்களிலுந் தங்குவோரை எண்ணுதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. கோயில் அறங்காவலரும் உள்ளூராட்சி மன்றமும் முன்வருவாராயின், புவியியலும் பொருளியலும் பயிலும் உயர்வகுப்பு மாணவர் அப்பணிக்குத் தகுதியுடையவரே. அவர் திரட்டுங் கணக்கு, உதவி கோரி எழுதப்படும் எந்த விண்ணப்பத்துக்கும் முதற் சான்றாக நிற்கும்.