பசும்புல் வெளியும் வீட்டின் விலையும்

வீட்டின் மதிப்பு அதன் சுவரில் உள்ளதா, சாளரத்தில் தெரியும் காட்சியில் உள்ளதா? அமெரிக்க நாட்டுக் கோல்ப் குடியிருப்புகளின் கதை இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

18 குழிகள் கொண்ட கோல்ப் மைதானத்துக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் நிலம் வேண்டும். அதனைச் சூழ மாளிகைகள் எழுப்பி, புல்வெளிக் காட்சிக்கென மேலதிக விலை பெற்றனர் வணிகர். வீடுகள் விற்றுத் தீர்ந்தபின், நீருக்கும் கூலிக்குமான செலவு உறுப்பினர் சந்தாவைச் சார்ந்தது. உறுப்பினர் குறையச் சந்தா ஏறியது. சந்தா ஏற உறுப்பினர் மேலும் விலகினர். 2006 முதல் பல ஆண்டுகள், அங்கே திறந்தவற்றினும் மூடிய மைதானங்களே மிகுதி. அரிசோனாவில் அவாட்டுகி லேக்ஸ் மைதானம் 2013 இல் மூடப்பட, அயலில் வீடு வாங்கியோர் நீதிமன்றம் ஏறினர். காய்ந்த புல்லைப் பார்க்கும் மாளிகைக்கு மேலதிக விலை கொடுப்பார் யார்?

இத்தகைய வாழ்வு நம் மலையகத்துக்கும் புதிதன்று. நுவரெலியாவில் வெள்ளைத் துரைமார் 1889 இல் கோல்ப் கழகம் நிறுவினர். குன்றின் உச்சியில் பங்களா, கீழே தேயிலை, அதற்கும் கீழே லயம் என்பது அக்காலத் தோட்ட ஒழுங்கு. பங்களாவின் பெருமை அதனைச் சூழ்ந்த தோட்டத்தால் வந்தது. 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் எல்லை வகுத்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. துரைமார் சென்றனர்; 1992 இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்கு வந்தது.

ஆனால் லயத்தின் நிலை என்ன? கஹவத்தைப் பகுதியில் தேயிலையும் இறப்பரும் வளர்த்த நம் மக்களிற் பலர், தலைமுறை தலைமுறையாகக் காம்பிராவில் வாழ்ந்தும் காணி உறுதி பெற்றாரில்லை. மாளிகை வாங்கியவருக்கு விலை வீழ்ந்தது. இவர்களுக்கோ வீழ்வதற்கும் ஒரு விலை இல்லை. உறுதியில்லாத கூரையை விற்கவோ, ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கவோ இயலாது.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் அமைக்கப்படும் என அறிவித்தார். வீடு வருவது நன்றே. எனினும் பிறர் நிலத்தை நம்பி நிற்கும் மாளிகையும் நிலையற்றது என்பதை மேற்சொன்ன கதை காட்டுகின்றது. ஆதலின், மாணவர்களே, புதுவீட்டுச் சாவி கைக்கு வரும் நாளில், "உறுதி எங்கே?" என்று பெற்றோருடன் சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.