இசைத்தட்டும் இரப்பரும்



நம் இல்லங்களில் கட்டிலின் அடியிலோ அலமாரியின் மேலோ தூசி படிந்த பெட்டி ஒன்று கிடக்கக்கூடும். அதனுள் கரிய வட்டத்தட்டுகள் சில இருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயரும் நாளில் முதலில் எறியப்படுபவை இவையே. எறியுமுன் இவற்றின் அருமையை அறிந்துகொள்வோம்.

1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் உருளையில் ஒலியைப் பதிந்து காட்டினார். 1887-இல் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழி கண்டார். பின்னர்ப் பரவிய அரக்குத் தட்டுகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழன்றன; ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு நிமிடங்களே பாடின; கீழே விழுந்தால் உடைந்தன. 1948-இல் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் பிளாஸ்டிக் நெடுந்தட்டு வந்தது. அது ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பாடியது.

நமக்குச் செவிகள் இரண்டு. ஆதலால்தான் ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அறிகிறோம். இவ்வுண்மையைக் கொண்டு அமைந்ததே ஸ்டீரியோ. 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. தட்டிலுள்ள நுண்ணிய பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு வேறு ஒலிகள் பதிந்துள்ளன. முள் அப்பள்ளத்தில் ஓடி அதிர்கிறது. அதிர்வு சிறு மின்னோட்டமாகிறது. பெருக்கி அதனை வலுப்படுத்த, இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் பாடுகின்றன. இரு பெட்டிகளும் நாமும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைந்து கேட்டால், பாடகர் நடுவே நின்று பாடுவது போலத் தோன்றும்.

மலாக்கா வாழ் மக்களாகிய நமக்கு இக்கருவியோடு தனி உறவும் உண்டு. 1896-இல் டான் சாய் யான் இம்மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். நம் முன்னோர் விடியற்காலையில் சீவிய மரம் அதுவே. இசைத்தட்டுக் கருவிகள் பலவற்றில் மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கொண்டு செல்வது ஓர் இரப்பர் வாரோ இரப்பர்ச் சக்கரமோ ஆகும். ஆண்டுகள் செல்ல வார் தளரும், பாடல் இழுபடும். 'கெட்டுவிட்டது' என்று எறியப்படும் கருவி, பலவேளைகளில் ஒரு புதிய வாரையே வேண்டி நிற்கிறது!

பேணும் முறை எளிது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். விளிம்பைப் பிடித்தே எடுத்தல் வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்குமாதலால் உலர்ந்த இடமே நன்று. வெயில் பட்டால் தட்டு வளைந்துவிடும். தேய்ந்த முள் பள்ளத்தையே கெடுத்துவிடும். அதனை உடனே மாற்றுதல் வேண்டும். 78 சுழற்சித் தட்டுக்கு அகன்ற முள் தேவை. பழைய கருவியின் உள்ளே, மின்இணைப்பை நீக்கிய பின்னும் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே மாணவர்கள் அதனைத் திறத்தல் கூடாது. பழுது பார்ப்பவரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

மலாக்கா நகரின் ஜோங்கர் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய பொருள்களை விலைகொடுத்து வாங்குவோர் உளர். ஆனால் தாத்தா பாட்டியின் நினைவு எக்கடையிலும் கிடைக்காது. எனவே இவ்விடுமுறையில் அவர்கள் அருகில் அமர்ந்து, "இத்தட்டை எப்போது வாங்கினீர்கள்? யாருடன் கேட்டீர்கள்?" என்று வினவுவோம். அவர்கள் கூறும் விடையை ஒரு தாளில் எழுதி, அத்தட்டின் உறைக்குள் வைப்போம். பாட்டோடு நம் குடும்ப வரலாறும் வாழட்டும்!