கோடு தப்பினால் தேக்கு போச்சு!

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் பூமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள். மரக்கூரையில் 90 பூக்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. எல்லாம் உளி செதுக்கியவை.

இன்று வாசல் கதவில் அப்படியொரு பூ வேண்டுமென்றால், சி.என்.சி. மெஷின் வெட்டித் தந்துவிடும். ஆனால், செல்போனில் எடுத்த படத்தை அப்படியே கொடுத்தால் போதாது. படம் என்பது புள்ளிகளின் கூட்டம். மெஷினுக்கு வேண்டியதோ, பிட் நகரவேண்டிய பாதை. அதனால் கோரல்டிரா, இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் பூவைக் கோடுகளாக வரைந்து, ‘வெக்டர்’ டிசைனாக மாற்றவேண்டும்.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். இதழின் கோடு மயிரிழை அளவு மூடாமல் விட்டாலும், எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று மென்பொருள் குழம்பும். ஒரே கோடு இரண்டு முறை இருந்தால், வெட்டிய இடத்தையே மறுபடி வெட்டும். மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்துக்கொண்டால், டிசைன் 25.4 மடங்கு பெருத்துவிடும். அதனால் தேக்கில் கைவைக்கும் முன், கழிவுப் பலகையில் ஒருமுறை வெட்டிப் பார்ப்பது நல்லது.

அத்தனையும் சரியாக இருந்தாலும் ஒரு வேலை மிச்சமிருக்கும். சுழலும் பிட் உருண்டையானது. 6 மி.மீ. நேர் பிட் போன உள்மூலையில் 3 மி.மீ. ஆரத்துக்கு வளைவு நிற்கும். அந்த மூலையைக் கூராக்க ஆசாரியின் உளிதான் வரவேண்டும்!